ஆடும் முழங்கையும் ஆராயாத புத்தியும்

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் முழங்கை. இதைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறீர்கள். வாசகசாலை ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால் இவர் கைவலியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று எண்ணுகிறீர்கள் போலும். சிரிக்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டு முழங்கைகள் இருக்கின்றன. குடம் தூக்குவதும், மண் வெட்டுவதும், தறி அடிப்பதும், குழந்தையை எடுப்பதும், சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதும் அந்த மூட்டினால்தான் நடக்கிறது. அது ஒன்று கெட்டுப்போனால் கூலிக்காரனுக்குக் கூலி இல்லை; வீட்டில் அடுப்பு இல்லை. ஆகையால் இது சில்லறை விஷயமல்ல.

இரண்டாவது காரணமும் ஒன்று உண்டு. பத்து இருபது வருஷ காலமாக “எதையும் ஏன், எதற்கு என்று கேளுங்கள்” என்று ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டு வந்த நாம், நமது சொந்தக் கையின் விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இரண்டரை வருஷம் கஷ்டப்பட்டோம். அந்த வெட்கக்கேட்டை ஒளிக்காமல் சொல்லுவதுதான் நியாயம். ஊராருக்கு உபதேசம் செய்கிறவன் தன் முட்டாள்தனத்தை மட்டும் மூடி வைத்துக்கொள்ளலாமா?

நமது கதை

சுமார் நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், கூட்டம் முடிந்து இரவில் ஒரு தோழருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தோம். சேற்றில் வண்டி சறுக்கிற்று. கீழே விழும்போது யாரும் செய்வது போலவே நாமும் வலது கையை நீட்டி உள்ளங்கையைத் தரையில் ஊன்றினோம். முழங்கையில் ஏதோ பிசகியதும் தெரிந்தது. பார்த்தால் முழங்கைக்குப் பின்னால் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பதறிப்போன தோழர் கையைப் பிடித்து இழுத்தார். ‘களக்’ என்று ஒரு சத்தம். மூட்டு உள்ளே போய்விட்டது. அவர் செய்தது தப்பு என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்தோம். அக்காள் ஓடிவந்து திருஷ்டி கழித்தார்கள். அதைத் தடுக்க நமக்குத் தெம்பில்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று சொன்னோம். “ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவான். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் இருக்கும்போது அங்கே எதற்கு?” என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். வலியில் இருக்கிறவனுக்குப் பத்துப் பேர் சொல்லுவது வேதவாக்காய்ப் போய்விடுகிறது. போனோம். அவர் எக்ஸ்ரே கேட்கவில்லை. கையைத் தடவிப் பார்த்தார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். ஐந்து வாரம் அந்தக் கட்டு இருந்தது. அவிழ்த்தபோது கை மரக்கட்டை போல மடங்காமலும் நீளாமலும் இருந்தது. பிறகு தினமும் எண்ணெய் போட்டு உருவினார். நாம் பல்லைக் கடித்துக்கொண்டோம்.

மூன்று நான்கு மாதத்தில் கை ஒருவாறு மடங்கிற்று. ஆனால் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி மட்டும் நிற்கவில்லை. பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் வெளிப்புற எலும்பு முண்டை ஒரு விரலால் அழுத்தினார். நாம் “ஆ” என்றோம். “இது டென்னிஸ் எல்போ” என்று ஊசி போட்டார். ஒரு மாதம் சுகமாக இருந்தது. மறுபடியும் வலி, மறுபடியும் ஊசி. ஒரு வருஷத்துக்குள் மூன்று ஊசி ஆயிற்று. நாம் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதும் இல்லை என்று சொன்னதற்கு, “பேரு அப்படி, எல்லாருக்கும் வரும்” என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் கீழே விழுந்தீரா என்று அவர் கேட்கவில்லை; விழுந்தோம் என்று நாமும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு நாள் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசுவதற்காக நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தோம். முழங்கை உள்ளே நழுவிற்று. மேடையிலேயே சாய்ந்து விழுந்தோம். கூட்டத்தில் ஒருவர், “சாமியைத் திட்டின கையல்லவா? சாமி காட்டிவிட்டது பார்” என்று சத்தம் போட்டார். அன்று பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்லுகிறோம். அதே ஊரில் கோவில் தேருக்குக் கட்டை போடுகிற பெரியவர் ஒருவர் நம்மைப் போலவே விழுந்து நம்மைப் போலவே முழங்கை பிசகினவர். திட்டினவன் கைக்கும் கும்பிட்டவன் கைக்கும் ஒரே மாதிரி நார்தான் அறுகிறது. நார் ஆளைப் பார்த்து அறுவதில்லை. எந்தப் பக்கமாய் விழுந்தோம், எவ்வளவு பாரம் விழுந்தது என்பதைப் பொறுத்தே அறுகிறது.

முழங்கை எப்படி அமைந்திருக்கிறது?

முழங்கை ஒரே கீல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. அங்கே மூன்று எலும்புகள் சேருகின்றன. மேலே இருப்பது மேற்கை எலும்பு. கீழே முன்கையில் இரண்டு. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு ஒன்று, கட்டைவிரல் பக்கத்து எலும்பு ஒன்று. மேற்கை எலும்பின் கீழ்முனையில் உள்பக்கம் கிணற்று ராட்டினம் போல ஒரு பள்ளமான உருளை இருக்கிறது. அந்த ராட்டினத்தைச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு கொக்கி போலக் கவ்விக்கொண்டிருக்கிறது. கையை மடக்குவதும் நீட்டுவதும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. வெளிப்பக்கம் ஒரு சிறு உருண்டை இருக்கிறது. அதன்மேல் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலை ஒரு தட்டு மாதிரி உட்கார்ந்து சுழலுகிறது. நீங்கள் உள்ளங்கையைப் பிச்சை கேட்பது போல மேலே திருப்புவதும், மாவு பிசைவது போலக் கீழே திருப்புவதும் இந்தத் தட்டு சுழலுவதால்தான். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றோடொன்று சேரும் இடம் மூன்றாவது மூட்டு. ஆக மூன்று மூட்டு, ஒரே உறைக்குள் இருக்கின்றன.

இந்த எலும்புகளை இரண்டு பக்கமும் நார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. எலும்பையும் எலும்பையும் கட்டுகிற இந்த இணைப்பு நார் வேறு, தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் வேறு. உள்பக்கத்து நார் கை வெளிப்பக்கமாய்ச் சாயாமல் பிடிக்கிறது. வெளிப்பக்கத்து நார்க்கூட்டத்தில் ஒரு நார், மேற்கை எலும்பிலிருந்து புறப்பட்டுக் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலைக்குப் பின்புறமாய்ச் சுற்றிச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளுகிறது. தொட்டிலுக்கு அடியில் கொடுக்கிற கயிறு போல அது அந்த எலும்புத்தலை பின்னால் நழுவாமல் தாங்குகிறது. நமக்கு அறுந்தது அந்த நார்தான்.

கையை ஊன்றி விழும்போது உடம்பின் பாரம் முழுவதும் மேலிருந்து இறங்குகிறது. உள்ளங்கை தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. வெளிப்பக்கத்து நார் முதலில் கிழிகிறது. இன்னும் பாரம் அழுத்தினால் கிழிசல் முன்னும் பின்னுமாய்ச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் வரை போகிறது. மூட்டு நழுவிப் பின்னால் போய்விடுகிறது. பெரியவர்களுக்குத் தோள்பட்டைக்கு அடுத்தபடியாய் அதிகமாக நழுவுகிற பெரிய மூட்டு முழங்கைதான். அநேகருக்கு மூட்டைத் திரும்ப உட்கார வைத்தபின் நார் தானாகவே ஆறிவிடுகிறது. சிலருக்கு வெளிப்பக்கத்து நார் தளர்ந்தபடியே ஆறுகிறது. அவர்களுக்கு முழங்கை முழுதும் வெளியே வந்துவிடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட நிலையில் கையை ஊன்றினால் பாதி நழுவிப் பிறகு தானே உட்காருகிறது. அதனால் வலியும், ‘களக்’ என்ற சத்தமும், கை விட்டுவிடுமோ என்ற பயமும் ஏற்படுகின்றன.

இதை மனிதர் கண்டுபிடித்தது நெடுங்காலத்துக்கு முன்னல்ல. திரும்பத் திரும்ப நழுவுகிற முழங்கைக்கு வெளிப்பக்கத்து நார் தளர்வுதான் மூலம் என்று 1966-ல் இங்கிலாந்தில் ஆஸ்பர்ன், காட்டரில் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். 1991-ல் அமெரிக்காவில் ஓட்ரிஸ்கால் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், முன்கை எலும்புகள் இரண்டும் சேர்ந்து வெளிப்பக்கமாயும் பின்பக்கமாயும் சுழன்று நழுவுகின்றன என்று விளக்கி, அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையையும் சொன்னார்கள். எத்தனை ஆயிரம் வருஷமாய் மனிதன் கை ஊன்றி விழுந்துகொண்டிருக்கிறான்! சங்கதி இப்போதுதான் தெரிந்தது. எல்லாம் பழைய ஏட்டிலேயே இருக்கிறது என்று பெருமை பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கட்டைவிரல் சோதனை

மேடையில் விழுந்த பிறகு ஒரு தோழர் நம்மை வற்புறுத்தி ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவுக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். நமது மகள் வயது இருக்கும். அவர்கள் முதலில் கையைத் தொடவேயில்லை. “என்ன வேலை செய்யும்போது வலிக்கிறது? கீழே விழுந்தீர்களா? எப்படி விழுந்தீர்கள்? எத்தனை ஊசி போட்டார்கள்? சின்ன வயதில் கை முறிந்ததா?” என்று கால் மணி நேரம் கேள்வியாகவே கேட்டார்கள். கேள்வி கேட்கச் சொல்லி ஊருக்குப் போதிக்கிற நாம், கேள்வி கேட்கிற வைத்தியரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தோம்.

பிறகு, “அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை அகட்டி, உள்ளங்கை உள்ளே பார்க்கும்படி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஊன்றி எழுந்திருங்கள்” என்றார்கள். பாதி எழுந்ததும் வலியும் பயமும் வந்து மறுபடி உட்கார்ந்துவிட்டோம். அவர்கள் ஆச்சரியப்படவில்லை. பிறகு மேசையண்டை நிறுத்தினார்கள். “மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்பினபடியே, முழங்கையை மெல்ல மடக்கி உடம்புப் பாரத்தைக் கையின்மேல் போடுங்கள், கொஞ்சம் மடங்கியதும் வலிக்கும், நிறுத்திவிடுங்கள்” என்றார்கள். வலித்தது. “இப்போது நான் என் கட்டைவிரலை இந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுகிறேன், மறுபடி செய்யுங்கள், வலிக்காது” என்றார்கள். செய்தோம். வலிக்கவில்லை! விரலை எடுத்ததும் மூன்றாவது முறை செய்தோம். பழையபடி வலித்தது.

தோழர்களே! ஒருவர் தொட்டதும் வலி போயிற்று, எடுத்ததும் வந்தது. இதையே ஒரு சாமியார் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் அங்கே ஒரு மடம் கிளம்பியிருக்கும், உண்டியல் வைத்திருப்பார்கள். அப்படியானால் இந்த அம்மையார் தொட்டதற்கும் சாமியார் தொடுவதற்கும் என்ன வித்தியாசம்? நாலு வித்தியாசம் இருக்கிறது. முதலாவது, எங்கே வலிக்கும், எங்கே வலிக்காது என்பதை நடப்பதற்கு முன்பே சொன்னார்கள். இரண்டாவது, ஏன் என்றும் சொன்னார்கள். எலும்புத்தலை பின்னால் நழுவுவதால் வலிக்கிறது. அறுந்த நார் செய்ய வேண்டிய வேலையை என் கட்டைவிரல் செய்தது, அதனால் வலிக்கவில்லை என்றார்கள். மூன்றாவது, அந்த விரல் யாருடையதாயிருந்தாலும் சரி. பக்கத்தில் நின்ற மாணவரைக் கூப்பிட்டு அவர் விரலை வைக்கச் சொன்னார்கள், அப்போதும் வலிக்கவில்லை. நான்காவது, “விரல் வைத்தும் வலித்திருந்தால் நான் நினைத்தது தப்பு, வேறு காரணம் தேடியிருப்பேன்” என்றார்கள். எந்தச் சாமியாராவது, எந்த ஜோசியராவது, “இப்படி நடந்தால் நான் சொன்னது தப்பு” என்று முன்கூட்டியே சொன்னதுண்டா? இந்த நான்கும் எங்கே இருக்கிறதோ அங்கே அறிவு இருக்கிறது. இல்லாத இடத்தில், பேசுகிறவன் கழுத்தில் கொட்டை தொங்கினாலும் ஒன்றுதான், குழாய் தொங்கினாலும் ஒன்றுதான்.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்று கேட்டோம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நாரைக் காட்டாது. சும்மா இருக்கும்போது மூட்டு சரியாகவே உட்கார்ந்திருப்பதால் படம் நன்றாகவே இருக்கும் என்றார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நாரைக் காட்டும். ஆனாலும் சில சமயம் தவறவிடும். சந்தேகம் தீராவிட்டால் மயக்கம் கொடுத்துக் கையைத் தளர்த்தி, மூட்டு நழுவுகிறதா என்று பார்ப்பார்கள். விழித்திருக்கிறவன் பயத்தில் தசைகளை இறுக்கிக்கொள்ளுவான். மயக்கத்தில் அது முடியாது.

ஊசி சங்கதி

அந்த மூன்று ஊசியைப் பற்றியும் கேட்டோம். டென்னிஸ் எல்போ என்பது வெளிப்பக்கத்துத் தசைநாண் தேய்ந்து நொந்துபோவது. அதற்கும் நம்முடையதற்கும் வலிக்கிற இடம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒரு விரலால் அழுத்திப் பார்த்து மட்டும் தீர்மானித்தால் ஏமாறத்தான் வேண்டும். டென்னிஸ் எல்போவுக்குக்கூட ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கிறதே தவிர, பல மாதம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாகவே இருக்கிறார்கள் என்று, பல பரிசோதனைகளைத் திரட்டி 2010-ல் ‘லான்செட்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டிருக்கிறார்கள். அல்லாமலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் பக்கத்திலிருக்கிற நாரே நலிந்துபோகலாம். ஊசி போட்டவுடன் சுகம் தெரிந்ததால், நாமே “இன்னொன்று போடுங்கள்” என்று கேட்டோம். நோயாளியின் அவசரமும் வைத்தியரின் அவசரமும் சேர்ந்தால் மூன்றாவது ஆளாகிய நார்தான் சாகிறது.

கட்டும் உருவலும்

இனி, கையை ஊன்றி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுகிறோம். தாய்மார்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஏனெனில் மாமரத்திலிருந்தும் கொய்யா மரத்திலிருந்தும் விழுகிறவர்கள் குழந்தைகள்.

கையை இழுக்கக் கூடாது, உருவக் கூடாது. இருக்கிற நிலையிலேயே ஒரு துணியால் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டி, எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டு நழுவினதோடு எலும்பும் முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் இழுத்தால், முறிந்த துண்டு இன்னும் விலகும். நரம்போ இரத்தக் குழாயோ இடையில் சிக்கிக்கொள்ளலாம். கட்டைவிரல் பக்கத்து எலும்புத்தலையும், கொக்கியின் முன்முனையும் முறிந்து, கூடவே மூட்டும் நழுவியிருந்தால், அதை ‘பயங்கர மும்மை’ என்றே டாக்டர்கள் சொல்லுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் ஆப்பரேஷன்தான் வழி. தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சங்கதியல்ல அது. ஆஸ்பத்திரியில் மூட்டை உட்கார வைக்குமுன்னும் பின்னும் மணிக்கட்டில் நாடி பார்ப்பார்கள், விரல்களை அசைக்கச் சொல்லுவார்கள். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் அடித்தது போல இருக்கிறதல்லவா? அந்த நரம்பு மூட்டை ஒட்டியே போகிறது.

அடுத்தது இறுக்கக் கட்டு. அடிபட்ட கை முதல் இரண்டு நாள் வீங்கியே தீரும். மூங்கில் சிம்பு வைத்துச் சுற்றி இறுக்கிக் கட்டினால் வீக்கம் போக இடமேது? உள்ளே இரத்த ஓட்டம் நின்று தசை செத்துவிடுகிறது. இப்படிச் செத்த தசை சுருங்கி விரல்கள் கொக்கி போல மடங்கிப்போவதை 1881-ல் ஜெர்மனியில் வோல்க்மன் என்ற டாக்டர் விவரித்து எழுதினார். நமக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு எட்டு வயதில் இது நடந்தது. முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது, கட்டினார்கள். இரவெல்லாம் கதறினான். “கட்டினால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்” என்றார்கள். மந்திரித்து விபூதி போட்டார்கள். மூன்றாம் நாள் கதறல் நின்றது. விபூதி பலித்தது என்றார்கள். நின்றது வலியல்ல, உணர்ச்சி. இன்று அவனுக்கு இருபது வயது. அந்தக் கையால் ஒரு பேனாவைப் பிடிக்க முடியாது.

இந்தப் பையனுடைய கதையை நீங்கள் மறக்கக் கூடாது. கட்டுப் போட்டபின் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, மடங்கின விரலை மெல்ல நிமிர்த்தினால் தாங்க முடியாமல் கத்தினாலோ, விரல்கள் வெளுத்தோ மரத்தோ போனாலோ, அந்த நிமிஷமே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாடு வைத்தியர் கட்டானாலும் ஆஸ்பத்திரி மாவுக்கட்டானாலும் இதே சட்டம்தான். சில மணி நேரத்துக்குள் செய்தால் கை பிழைக்கும். விடியட்டும் என்று காத்திருந்தால் கை போய்விடும்.

உருவல் சங்கதியும் ஒன்று சொல்லுகிறோம். புதிதாய் அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாய் உருவினால், கிழிந்த தசைக்குள் எலும்பு முளைக்கிறது. இது அதிசயமாகத் தோன்றலாம். ஆனால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற பிரத்தியட்சம். பிறகு மூட்டு ஒரேயடியாய்ப் பூட்டிக்கொள்ளும்.

நெடுநாள் கட்டு வைத்திருப்பதும் தப்பு. எலும்பு முறியாமல் மூட்டு மட்டும் நழுவியவர்களுக்கு, 3 வாரத்துக்கு மேல் அசையாமல் வைத்தால் கை நீளாமல் போகிறது. ஹாலந்து தேசத்தில் இப்படிப்பட்ட 100 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 3 வாரம் மாவுக்கட்டும், மற்றவர்களுக்குத் தூளி மட்டும் போட்டுச் சீக்கிரமே அசைக்கவும் செய்து பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சீக்கிரம் அசைத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குப் போனார்கள். அதனால் யாருக்கும் மூட்டு மறுபடி நழுவிவிடவுமில்லை. ஒரு வருஷம் கழித்து இரண்டு பிரிவும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. நம்மை ஐந்து வாரம் கட்டிப்போட்டது எந்தக் கணக்கில் என்று கேட்டால், “எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்” என்பதைத் தவிர பதிலில்லை.

குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேலே முறிந்த எலும்பு கோணலாய்ச் சேர்ந்துவிட்டால், “கொஞ்சம் வளைந்திருக்கிறது, அழகுதானே கெட்டது, போகட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். அழகு மட்டுமல்ல. அந்தக் கோணலால் வெளிப்பக்கத்து நார் வருஷக்கணக்காய் இழுபட்டுத் தளர்ந்து, வயது வந்தபின் முழங்கை நழுவ ஆரம்பிக்கலாம் என்று 2001-ல் எழுதியிருக்கிறார்கள். அந்த டாக்டரம்மா சின்ன வயதில் கை முறிந்ததா என்று நம்மைக் கேட்டது இதற்காகத்தான்.

ஆடுகிற மூட்டுக்கு என்ன வைத்தியம்?

எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. ஆட்டம் கொஞ்சமாயிருந்தால், கையை முழுதும் நீட்டாமல் தடுக்கிற கீல் வைத்த பட்டையைச் சில வாரம் போட்டுக்கொண்டு, முன்கைத் தசைகளைப் பலப்படுத்துகிற பயிற்சி செய்யலாம். நார் விட்ட வேலையைத் தசை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உள்ளங்கையை மேலே திருப்பிக்கொண்டு பாரம் தள்ளுவதைத் தவிர்க்க வேண்டும். உள்ளங்கை கீழே பார்க்கும்படி வைத்தால் நம்மைப் போன்றவர்களுக்கு மூட்டு நன்றாக உட்காருகிறது. புதிதாய் நழுவியவர்களுக்கு இன்னொரு நல்ல உபாயமும் உண்டு. மல்லாந்து படுத்து, மேற்கையை விட்டத்தை நோக்கி நிறுத்தி, அந்த நிலையில் முன்கையை மடக்கி நீட்டுவது. அப்போது முன்கையின் சொந்தப் பாரமே மூட்டை உள்ளே அழுத்துகிறது. கையைத் தொங்கவிட்டால் அதே பாரம் மூட்டை வெளியே இழுக்கும். பார்த்தீர்களா! காசில்லாத வைத்தியம், காரணம் தெரிந்தால் போதும்.

இவையெல்லாம் செய்தும் மூட்டு நழுவிக்கொண்டேயிருந்தால் புது நார் போட வேண்டும். நமக்கு அப்படித்தான் ஆயிற்று. புது நாருக்கு எங்கே போவது? உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கள். நடுவில் ஒரு தசைநாண் கயிறு போல எழுந்து நிற்கிறதா? சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது; இல்லாவிட்டாலும் ஒரு குறையும் தெரியாது. அப்படி அதிகம் வேலையில்லாத அந்த நாணை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்து, முழங்கைக்கு நாராகக் கட்டிவிடுகிறார்கள். கைரேகை பார்க்கிறவன் நம் கையைப் பிடித்து, கோடுகளில் ஆயுளையும் ஐசுவரியத்தையும் கண்டுபிடிப்பதாய்ச் சொல்லுகிறான். அவன் பிடித்த இடத்துக்கு நான்கு விரல்கடைக்கு அப்பால் நமக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஒன்று இருந்ததை அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.

இந்த வித்தை முதலில் பெயர் பெற்றது உள்பக்கத்து நாருக்கு. அமெரிக்காவில் பேஸ்பால் என்ற பந்தாட்டத்தில் பந்தெறிகிற டாமி ஜான் என்பவருக்கு 1974-ல் இடது முழங்கையின் உள்பக்கத்து நார் அறுந்தது. அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிராங்க் ஜோப் என்ற டாக்டர் அவருடைய வலது முன்கையிலிருந்து நாணை எடுத்து இடது முழங்கையில் கோத்தார். 1975 முழுவதும் அவர் ஆடவில்லை. 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடி, அந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களில் வென்றார். இன்று அந்த ஆப்பரேஷனை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நமக்கு ஆப்பரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆறு வாரம் கீல் பட்டை, பல மாதம் பயிற்சி, அரை வருஷம் பாரம் தூக்காமை, இவ்வளவும் பட்டோம். பூரண குணம் என்று பொய் சொல்ல மாட்டோம். கை கடைசியில் கொஞ்சம் நீளுவதில்லை, இதோ பாருங்கள். ஆனால் நாள்தோறும் செய்கிற பெரும்பாலான வேலைகளுக்கு முழங்கை 30 பாகையிலிருந்து 130 பாகை வரை மடங்கினால் போதும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவும் நமக்கு இருக்கிறது. இன்று இந்த நாற்காலியைக் கையால் ஊன்றித்தான் எழுந்தோம், விழவில்லை.

முடிவாக

கட்டுப் போடுகிறவரைத் திட்டுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. ஜனங்கள் அவரிடம் ஏன் போகிறார்கள்? அவர் பக்கத்தில் இருக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், கொஞ்சம் காசு வாங்குகிறார். ஆஸ்பத்திரியிலோ ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். அங்கே “ஏய், தள்ளி நில்” என்கிறார்கள். இதை மாற்றாமல் ஜனங்களை மட்டும் முட்டாள்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதில் யோக்கியதை இல்லை. கிராமத்துக்குக் கிட்டே எக்ஸ்ரேயும், மனிதனை மனிதனாய் நடத்துகிற ஆளும் வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். ஆனால் அதுவரையிலும் கையை மூங்கிலுக்குள் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் கூடாது.

ஆகவே தோழர்களே! எந்த வைத்தியரிடம் போனாலும் நாலு கேள்வி கேளுங்கள். எனக்கு என்ன கெட்டிருக்கிறது? அது உமக்கு எப்படித் தெரிந்தது? நீர் செய்யப்போவது அதை எப்படிச் சரி செய்யும்? சரியாகாவிட்டால் எத்தனை நாளில் தெரியும், அப்போது என்ன செய்வீர்? நல்ல வைத்தியர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். நீங்களும் விழுந்தது முதல் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். நாம் விழுந்ததைச் சொல்லியிருந்தால் மூன்று ஊசி மிச்சமாகியிருக்கும்.

இதையும் நாம் சொன்னோமே என்பதற்காக நம்பிவிட வேண்டாம். வீட்டில் யாருக்காவது விழுந்த பிறகு முழங்கை வெளிப்பக்கம் வலித்துக்கொண்டிருந்தால், நாற்காலியை ஊன்றி எழும்போது கை பயப்படுகிறதா என்று கேளுங்கள். பயப்படுகிறதென்றால் தைலத்தைத் தேடாமல், கேள்வி கேட்கத் தெரிந்த எலும்பு டாக்டரைத் தேடுங்கள்.